தாழ்ப்பாளில் தெரியும் கத்தி: ‘மேக்பெத்’ கொலை இரவை ஏற்காட்டில் படமாக்குவது

ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றைப் படமாக்கலாம் என்று நாலு பேர் உட்கார்ந்தால், முதல் ஒரு மணி நேரம் வேஷம் மாற்றுவதிலேயே போய்விடும். ராஜாவை முதலாளி ஆக்குவோம், கோட்டையை பங்களா ஆக்குவோம், வாளுக்குப் பதில் துப்பாக்கி. இதில் பெரிய கஷ்டம் இல்லை, கதை அப்படியே பொருந்திக்கொள்ளும். படம் கெடுவது அடுத்த கட்டத்தில். மேடையில் பாதி வேலையைச் செய்தது வசனம். இருட்டு, குளிர், ஆந்தை, கத்தி, பயம் எல்லாம் பேச்சிலேயே வந்துவிட்டன. திரைக்கதை எழுதும்போது அந்தப் பேச்சில் பெரும்பகுதியை வெட்டுகிறோம். வெட்டிய வரிகளின் வேலையை எந்த ஷாட், எந்த ஒலி ஏற்றுக்கொண்டது என்று கணக்குக் காட்ட முடியாவிட்டால், மிஞ்சுவது இன்னொரு கொலைக்கதைதான்.

இங்கே எடுத்துக்கொண்டது ‘மேக்பெத்’தின் ஒரே ஓர் இரவு: இரண்டாம் அங்கத்தின் முதல் மூன்று காட்சிகள். நீ ராஜா ஆவாய் என்று மூன்று சூனியக்காரிகள் சொன்ன ஆருடத்தை நம்பி, தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து தூங்கும் ராஜா டங்கனை, மனைவியின் தூண்டுதலில் மேக்பெத் கொல்லும் இரவு அது. ஜோயல் கோயன் 2021இல் இயக்கிய ‘தி டிராஜெடி ஆஃப் மேக்பெத்’ அந்த இரவை எப்படிக் கையாண்டது என்பது ஒரு பக்கம். அதே இரவைச் சேர்வராயன் மலையில், ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவில், இரண்டு மூன்று எல்இடி லைட்டோடு குறும்படமாக எடுத்தால் எங்கெங்கே இடிக்கும் என்பது மறுபக்கம்.

முதலில் முறை

இடம் மாற்றும்போது உறவுமுறையைச் சரியாகப் பிடிக்காவிட்டால் பின்னால் எந்த கேமராவும் காப்பாற்றாது. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, டங்கன் எஸ்டேட் முதலாளி, மேக்பெத் மேனேஜர். இது நிற்காது. முதலாளி செத்தால் மேனேஜருக்கு என்ன கிடைக்கும்? பவர் பத்திரம் இருந்தாலும், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, எழுதிக்கொடுத்தவர் இறந்ததும் அது செல்லாது. கொலை செய்த அன்றே அவன் வெறும் ஆள். பார்ப்பவர்களில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தால் போதும், படம் அங்கேயே முடிந்தது.

விடை நாடகத்திலேயே இருக்கிறது. டங்கனும் மேக்பெத்தும் உறவுக்காரர்கள், ராஜா அவனை அப்படித்தான் அழைக்கிறார். ஆகவே இங்கே பங்காளி. பெரியவர் தோட்டத்தை நடத்துகிறார், சித்தப்பா மகன் ஓடி ஓடி உழைக்கிறான். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், “இனிமே எல்லாத்தையும் பெரிய பையன் பாத்துக்குவான்” என்று அண்ணன் சொல்லிவிடுகிறார். நாடகத்தில் டங்கன் தன் மூத்த மகன் மால்கமை வாரிசாக அறிவிக்கும் இடம் இதுதான். பங்காளித் தகராறு என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 2021இல் வந்த மலையாளப் படம் ‘ஜோஜி’யும் இந்த வழியில் போனதுதான். திலீஷ் போத்தன் இயக்கம், சியாம் புஷ்கரன் எழுத்து. ராஜாவை அப்பனாக்கி, ரப்பர் தோட்டத்துக் குடும்பத்துக்குள் கதையை வைத்தார்கள். சூனியக்காரிகளும் இல்லை, ஆருடமும் இல்லை. மகனுக்குள் இருக்கும் ஆசையே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மலைப்படத்துக்கும் அதே யோசனையைச் சொல்வோம். சூனியக்காரிகள் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்கள் கடைசியில் மலைவாழ் மக்கள் யாரையாவது குறி சொல்பவராகக் காட்டி முடிப்பார்கள். அது பார்த்துப் பார்த்துப் புளித்துப்போன காட்சி, அந்த மக்களுக்கு அவமானமும்கூட. கோயன் படத்தில் மூவரையும் காத்ரின் ஹண்டர் என்ற ஒரே நடிகை செய்கிறார். நின்றிருப்பவர் ஒருவர், கீழே தேங்கிய நீரில் தெரிவது இரண்டு உருவம். ஒரு சட்டகமும் ஒரு குட்டைத் தண்ணீரும் செய்த வேலை அது.

தளமும் மலையும்

கோயன் படம் முழுக்க லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டூடியோ தளங்களுக்குள் எடுக்கப்பட்டது. கறுப்பு வெள்ளை. ஒளிப்பதிவு புரூனோ டெல்போனெல். வெறும் சுவர், கூர்மையான நிழல், எல்லை தெரியாத புகை. எது வெளி, எது உள் என்றே பல ஷாட்டில் சொல்ல முடியாது. இதற்கு நேர் எதிர் 1957இல் அகிரா குரோசாவா இதே நாடகத்தை ஜப்பானுக்குக் கொண்டுபோன ‘த்ரோன் ஆஃப் பிளட்’. அவர் ஃபூஜி மலைச் சரிவில் கோட்டை செட் போட்டார். அங்கே கரிய எரிமலை மண்ணும் இயற்கையான மூடுபனியும் இருந்தன.

சேலத்துக்காரர்களுக்கு இரண்டுமே கைக்கெட்டும் தூரத்தில். 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் நுழைவு வளைவு ஏற்காடு சாலையில் நிற்கிறது. உள்ளே தளம் இல்லை, வளைவு மட்டும்தான். அதைத் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் ஓசியில் பனிமூட்டம் கிடைக்கிறது. ஓசியில் கிடைப்பதுதான் சிக்கல். தளத்துப் புகை சொன்ன பேச்சைக் கேட்கும். மலைமேகம் கேட்காது. வைட் ஷாட்டில் 10 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, குளோசப்புக்கு கேமராவைத் திருப்புவதற்குள் எதிர்ச்சரிவு வரை பளிச்சென்று திறந்துவிடும். இரண்டையும் ஒட்டினால் ஒட்டாது.

இதற்கு ஒரு எளிய அளவுமுறை உண்டு. கேமராவிலிருந்து 5, 10, 15, 20, 25 மீட்டரில் உள்ள சில்வர் ஓக் மரங்களுக்கு எண் கொடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு ஷாட் எடுக்கும்போதும் எந்த எண் மரம் கண்ணுக்கு மறைகிறது என்று உதவி இயக்குநர் குறித்துக்கொள்ள வேண்டும். 15ஆம் மீட்டர் மரம் மறையும்போது எடுத்த வைடுக்கு, அதே மரம் மறையும்போது எடுத்த குளோசப்பே சேரும். நேர வரிசையில் எடுக்கும் ஆசையை விட்டுவிட்டு, பனியின் வரிசையில் எடுக்க வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் பனியை ஜன்னலுக்கு வெளியே மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே ஏற்ற இறக்கம் யார் கண்ணிலும் படாது.

லைட்டை எங்கே வைப்பது என்பதில்தான் புதியவர்கள் மொத்தமாகச் சறுக்குகிறார்கள். பனித்துளி தன்மீது விழும் ஒளியில் பெரும்பங்கை முன்னோக்கியே சிதறடிக்கும். அதனால் நடிகருக்குப் பின்னாலிருந்து, கேமராவை நோக்கிச் சாய்ந்து வரும் லைட்தான் பனியை ஒளிர வைக்கும். கேமரா பக்கத்திலிருந்து அடித்தால் எதிரில் வெள்ளைச் சுவர் எழும்பும், ஹை பீம் போட்டுப் பனியில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். 100 வாட் எல்இடி ஒன்றை 8 மீட்டர் பின்னால், மரத்தண்டின் மறைவில், ஆள் உயரத்துக்கு மேல் கட்டினால் போதும். நடிகர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தால் பனியும் வேட்டியும் ஒரே வெண்மையாகிவிடும். பழுப்பேறிய வேட்டி, அல்லது மேலே ஒரு கறுப்புக் கம்பளி.

கேமராவுக்கு ஆபத்து பனியில் இல்லை, பங்களாவுக்குள் இருக்கிறது. வெளியே குளிர்ந்த லென்ஸைச் சூடான, ஆட்கள் நிறைந்த அறைக்குள் கொண்டுவந்ததும் கண்ணாடியில் நீர் பூக்கும். வெளியிலேயே ஜிப் பைக்குள் போட்டு மூடி, உள்ளே வந்து அரை மணி நேரம் திறக்காமல் வைக்க வேண்டும். துடைத்தால் மறுபடி பூக்கும், அவ்வளவுதான்.

தாழ்வாரக் கணக்கு

கத்தியைக் காணும் தனிமொழிதான் இந்த இரவின் முதுகெலும்பு. மேக்பெத் காற்றில் ஒரு கத்தியைப் பார்க்கிறான், பிடி தன் கைப்பக்கம் திரும்பியிருக்கிறது, பிடிக்கப் போகிறான், கிடைக்கவில்லை. கோயன் இதைக் காற்றில் மிதக்கும் கத்தியாகக் காட்டவில்லை. நீண்ட நடைவழியின் கோடியில் ஏதோ மின்னுகிறது. டென்செல் வாஷிங்டன் பேசிக்கொண்டே அதை நோக்கி நடக்கிறார். கிட்டப் போனதும் அது டங்கன் படுத்திருக்கும் அறைக்கதவின் கைப்பிடி என்று தெரிகிறது. மாயக்கத்தியும் கொலைக்கான வாசலும் ஒரே பொருள் ஆகிவிடுகின்றன. இத்தனை சிக்கனமான தீர்வு வேறு எந்தப் படத்திலும் இந்தக் காட்சிக்கு அமையவில்லை என்பது எங்கள் கருத்து.

இதைப் பார்த்துவிட்டு அப்படியே செய்யப்போனால் தூரம் உதைக்கும். தனிமொழி சுமார் 32 வரி. நிதானமாகப் பேசினால் வரிக்கு 3 நொடி, மொத்தம் 96 நொடி. தயங்கித் தயங்கி நடப்பவன் நொடிக்கு அரை மீட்டர் நகர்வான். அப்படியானால் 48 மீட்டர் நடைவழி வேண்டும். ஸ்டூடியோவில் கட்டலாம், அல்லது கட்டியதுபோல் காட்டலாம். 12 மீட்டர் தாழ்வாரமுள்ள பங்களாவில் நமக்குக் கிடைப்பது 24 நொடி. அதாவது 8 வரி.

எனவே இரண்டில் ஒன்று. 8 வரிக்குச் சுருக்க வேண்டும், அல்லது அவனை நடுவில் நிறுத்த வேண்டும். நிறுத்துவதானால் காரணம் இருக்க வேண்டும். தூணில் சாய்ந்து யோசிப்பது காரணம் ஆகாது. உள்ளே யாரோ இருமுகிறார்கள், நின்றுவிடுகிறான். காலடியில் பலகை கிறீச்சிடுகிறது, நிற்கிறான். சுருக்குவதென்றால் எதை வைத்துக்கொள்வது? கண் சொல்வதை கை நம்பவில்லை என்ற இடமும், மனைவி அடிக்கும் மணி அழைக்கிறது என்ற கடைசி இடமும் போதும். இருட்டைப் பற்றியும் ஓநாயைப் பற்றியும் உள்ள வரிகளை லைட்டும் ஒலியும் பார்த்துக்கொள்ளும். அந்த வரிகள் எழுதப்பட்டது பட்டப்பகலில், திறந்த மேடையில் நடித்துக்கொண்டிருந்த காலத்தில்.

கைப்பிடி விஷயத்துக்கு வருவோம். பழைய பங்களாக் கதவுகளில் உருண்டைக் குமிழ்தான் அதிகம் இருக்கும், அது கத்தியாகத் தெரியாது. செங்குத்தாக நிற்கும் பித்தளைத் தாழ்ப்பாள், 25 செ.மீ. நீளத்துக்குக் குறையாதது, கதவின் வெளிப்பக்கம் பொருத்த வேண்டும். காப்பிச் செடி கவாத்து செய்யும் கத்தியையே சுவரில் மாட்டிவிடலாமே என்று கலை இயக்குநர் கேட்பார். வேண்டாம். அங்கே நிஜமாகவே கத்தி இருந்தால் அவன் கண்டது மாயை ஆகாது, திருடப்போகிறான் என்றுதான் தோன்றும்.

ஒரு சின்ன லைட்டின் முன்னால் கறுப்பு சார்ட் தாளைக் குழலாகச் சுருட்டிக் கட்டி, ஒளியைத் தாழ்ப்பாள்மீது மட்டும் விழவைக்க வேண்டும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 50 எம்எம் லென்ஸ், லென்ஸ் திறப்பு எஃப் 2, ஃபோகஸ் 2 மீட்டரில் நிற்கும் நடிகரின் தோள்மீது. கோடியில் தாழ்ப்பாள் கலங்கிய ஒரு கீற்றாகத் தெரியும். அவன் நெருங்க நெருங்க ஃபோகஸ் அதற்கு மாற வேண்டும், முழுத் தெளிவு கடைசி ஒரு மீட்டரில்தான். முன்கூட்டியே தெளிந்துவிட்டால் ரகசியம் போச்சு. பித்தளையில் மொத்த யூனிட்டும் பிரதிபலிக்கும், சோப்பை லேசாகத் தேய்த்து மங்கலாக்கினால் சரியாகும். ஒரே முனை மட்டும் துடைத்த பளபளப்போடு இருக்கட்டும், அதுதான் கத்திமுனை.

சட்டகத்தின் அகலமும் இதில் சேர்ந்ததே. கோயன் எடுத்தது 1.37:1, பழைய படங்களின் ஏறக்குறையச் சதுரமான வடிவம். 1920க்கு 1080 பிக்சல் வீடியோவில் இதைக் கொண்டுவர இருபுறமும் 220 பிக்சல் கறுப்பு விட வேண்டும், படத்துக்குக் கிடைப்பது 1480. பக்கச்சுவர் வெட்டுப்பட்டு ஆழம் மட்டும் மிஞ்சுவதால் 12 மீட்டர் தாழ்வாரம் நீண்டு தெரியும். கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடம் போதாது, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நிற்கத்தான் வேண்டியிருக்கும். கொலைக்குப் பிறகு அவர்கள் இருக்க வேண்டியதும் அப்படித்தான். இதை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. மானிட்டரில் கோடு போட்டு, அன்றே அதற்குள் ஆட்களை நிறுத்த வேண்டும்.

கொலையைக் காட்டுவதா

நாடகத்தில் டங்கன் சாவது மேடைக்கு வெளியே. குரோசாவாவும் காட்டவில்லை. கணவன் ஈட்டியோடு போகிறான், கேமரா மனைவியோடு அறையிலேயே தங்குகிறது, அவன் ரத்தம் தோய்ந்த ஈட்டியோடு திரும்புகிறான். கோயன் காட்டிவிட்டார். ராஜா கண்விழித்துப் பார்க்கிறார், கத்தி கழுத்தில் இறங்குகிறது. ‘ஜோஜி’யில் கத்தியே இல்லை, அப்பனின் மாத்திரையை மாற்றிவைப்பதுதான் கொலை.

காட்டியதால் கோயனுக்குக் கிடைத்தது நெருக்கம், இழந்தது அடுத்த காட்சியின் பாதி பலம். உள்ளே என்ன ஆனது என்று மனைவியோடு சேர்ந்து நாமும் காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டிய இடம் அது. வாஷிங்டன், பிரான்சிஸ் மெக்டார்மண்ட் போன்ற நடிகர்கள் இருந்தால் அந்த இழப்பைத் தாங்கலாம். குறும்படத்தில் தாங்காது. தாழ்ப்பாள் நகர்வதோடு வெட்டி, மனைவிக்கு வந்துவிடுவது உத்தமம்.

அந்த இரண்டாம் காட்சியின் பேச்சு ஒற்றைச் சொல் ஒற்றைச் சொல்லாக உடைந்தது. நம் பக்கத்துப் பேச்சில் அது இப்படி வரும்:

“ஏங்க, நீங்க ஏதாச்சும் பேசினீங்களா?”
“எப்போ?”
“இப்பத்தான்.”
“நான் எறங்கி வரப்பவா?”
“ம்.”
“இரு… கேளு. ரெண்டாவது ரூம்ல யாரு?”
“சின்னவன். அண்ணன் மகன்.”

இதை ஷாட்டுக்கு ஒரு வரி என்று மாற்றி மாற்றி வெட்டினால் டென்னிஸ் ஆட்டம் பார்ப்பதுபோல் ஆகிவிடும். மனைவி முகத்தில் ஒரே ஷாட், அவன் குரல் பின்னாலிருந்து. “ரெண்டாவது ரூம்ல யாரு” என்ற இடத்தில் மட்டும் அவனுக்கு வெட்டலாம்.

பூச்சிச் சத்தம்

ஒலிக்கு வந்தால், இந்தக் காட்சியில் ஆந்தை அலறியது, பூச்சி கத்தியது என்று ஷேக்ஸ்பியரே எழுதி வைத்திருக்கிறார். மலையில் பூச்சிக்குப் பஞ்சமில்லை. அதுவே தொல்லை. நடிகர் கிசுகிசுத்தால் மைக்கில் பூச்சிதான் பேசும். ஷாட்டுக்கு ஷாட் அதன் அடர்த்தி மாறுவதால், வெட்டும் இடமெல்லாம் ஒலி தாவும். யூனிட் நடமாடும்போது பூச்சிகள் அடங்கிவிடும், எல்லோரும் அசையாமல் இருந்து சில நிமிடம் கழிந்ததும் மறுபடி தொடங்கும். ஆகவே ‘ஆக்‌ஷன்’ சொன்னபோது இருந்த அமைதி மூன்றாம் வரியில் இருக்காது.

செய்ய வேண்டியது: கதவு ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் போர்வை தொங்கவிட்டு, சட்டைக்குள் பொருத்தும் மைக்கில் வசனத்தை எடுக்க வேண்டும். ஒவ்வொரு கேமரா நிலையிலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் வெறும் ஒலி. எல்லாம் முடிந்தபின் வெளியே ரெக்கார்டரைத் தனியாக வைத்துவிட்டு, ஆட்கள் விலகி, தொடர்ச்சியாகப் பத்து நிமிடம் பூச்சி ஒலி. படம் முழுக்க அந்த ஒரே டிராக்கை அடியில் ஓடவிட்டால் வெட்டுகள் மறைந்துவிடும். ஜெனரேட்டர் ஓடினால் இத்தனையும் வீண். 200 வாட்டுக்குள் லைட்டை முடித்துக்கொண்டு இன்வெர்ட்டரில் எடுப்பது மேல்.

இப்போது, கொலை முடிந்த கையோடு நாடகத்தில் கேட்கும் கதவு தட்டும் சத்தம். ஆங்கிலக் கட்டுரையாளர் தாமஸ் டி குவின்சி 1823இல் இந்தத் தட்டலைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். கொலைகாரர்கள் இருந்த தனி உலகம் உடைந்து, சாதாரண மனித வாழ்க்கை திரும்ப நுழைவது இந்தத் தட்டலில்தான் என்பது அவர் வாதம். கோயன் படத்தில் சொட்டும் ஒலியும் இடிக்கும் ஒலியும் ஒன்றோடொன்று கலந்து காதைப் பிடித்து வைத்திருக்கும். நம்மிடம் அதற்கு இணையாக இருப்பது பூச்சிதான். ஆள் நெருங்கினால் பூச்சி அடங்கும் என்று மலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனவே தட்டலுக்கு ஒரு நொடி முன்பே பூச்சி டிராக்கை அறுத்துவிட வேண்டும். மனைவி நிமிர்ந்து பார்க்கிறாள். அப்புறம்தான் முதல் தட்டல். தேக்குப் பலகையில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தட்டிப் பதிவுசெய்தால் கனம் கிடைக்கும், விரல் மூட்டால் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரை கேட்க வந்ததுபோல் இருக்கும்.

கறுப்பு வெள்ளையின் லாபமும் நஷ்டமும்

சிறு யூனிட்டுக்குக் கறுப்பு வெள்ளை பெரிய உதவி. மஞ்சள் பல்பும் வெள்ளை எல்இடியும் கலந்தாலும் கவலை இல்லை. ஆனால் ஃப்ளிக்கர், அதாவது படத்தில் லைட் துடிப்பது, போகாது. நொடிக்கு 24 ஃப்ரேமில், வழக்கமான 180 டிகிரி ஷட்டரில் ஒரு ஃப்ரேமுக்கு ஒளி விழுவது 1/48 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50க்கு, டிகிரிக் கணக்கில் 172.8க்கு, மாற்றினால் துடிப்பு அடங்கும்.

இன்னொரு தொல்லை, மாநிறத் தோலும் பச்சை இலையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். கலரில் எடுத்துப் பின்னால் மாற்றுவதானால், பச்சையைக் குறைத்துச் சிவப்பை ஏற்றினால் முகம் இலையிலிருந்து பிரியும். குங்குமமும் ரத்தமும் அப்போது வெளிறும். ஆகவே ரத்தத்துக்குச் சிவப்பு நிறமே வேண்டாம். ஹிட்ச்காக் ‘சைக்கோ’வில் (1960) செய்ததுபோல் சாக்லேட் சிரப் போதும். ஏற்காட்டுக் குளிரில் அது கெட்டிப்படும், ஐந்துக்கு ஒரு பங்கு வெந்நீர் கலந்துகொள்ளலாம். எறும்பு வரும். கொலை நடந்த கட்டிலின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்காமல் இரவில் விட்டுப்போகக் கூடாது.

காடு வருவது

படத்தை அந்த இரவோடு நிறுத்தாமல் முடிவு வரை கொண்டுபோனால், ஐந்தாம் அங்கத்தில் காடு நகர்ந்து வர வேண்டும். அது வரும்வரை மேக்பெத்துக்குத் தோல்வி இல்லை என்பது நாடகத்தின் ஆருடம். படைவீரர்கள் கிளைகளைத் தாங்கி வருவதை இன்றைய எஸ்டேட்டில் காட்டினால் சிரிப்பார்கள். ஆனால் காப்பித் தோட்டத்தில் ஆண்டுதோறும் மழைக்கு முன் நிழல் மரங்களைக் கழிப்பார்கள். சில்வர் ஓக் கிளைகள் மலைபோலக் குவியும். அந்தக் கிளைகளை ஏற்றிய லாரி ஒன்று, பனிக்குள், ஹெட்லைட் பின்னாலிருந்து வரும்படி வந்தால், தெரிவது கிளைகளின் நிழலுருவம் மட்டுமே. பின்னால் இரண்டாவது வண்டியின் ஹெட்லைட்தான் வெளிச்சம். முதல் வண்டி விளக்கில்லாமல் நகர வேண்டியிருப்பதால், இதைப் பொதுச்சாலையில், அதுவும் கொண்டை ஊசி வளைவில் எடுக்கவே கூடாது. தோட்டத்துக்குள் ஓடும் மண்பாதையில், நடைவேகத்தில், கூடவே ஆள் நடந்து வழிகாட்ட எடுக்க வேண்டும். கிளை கழிக்கும் மாதத்தைத் தவறவிட்டால் இந்தக் காட்சிக்கென்று மரம் வெட்ட யாரும் விடமாட்டார்கள், கேட்கவும் கூடாது. படப்பிடிப்பு அட்டவணையை இதிலிருந்து பின்னோக்கிப் போடுவதே புத்திசாலித்தனம்.

கோயன் படத்தில் ஜன்னல் திறந்து இலைகள் கோட்டை நடைவழிக்குள் சுழன்று புகும் ஷாட் ஒன்று உண்டு. சில்வர் ஓக் இலையின் அடிப்பக்கம் வெள்ளி நிறம் என்பதால் கறுப்பு வெள்ளையில் இது இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டு சாக்கு காய்ந்த இலை, தோட்டத்து புளோயர் ஒன்று, அதே 12 மீட்டர் தாழ்வாரம். நொடிக்கு 48 ஃப்ரேமில், ஷட்டர் 1/100 வைத்து எடுத்தால் இலை நிதானமாகப் புரளும், ட்யூப்லைட்டும் துடிக்காது. புளோயர் இரைச்சலில் எந்த ஒலியும் எடுக்க முடியாது. மேக்பெத்துக்கு அந்த ஷாட்டில் வசனம் வைக்காமல் எழுதிக்கொண்டால், இலைச் சத்தத்தை மட்டும் பிறகு அறைக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.